பாடி யாருடையது?

திட்டக்குடி பேருந்து நிலையத்தில் விருத்தாசலம் பேருந்துக்காக நின்றிருந்தபோது, என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி கைபேசியைக் காட்டிக் கேட்டாள். "ஏன் மேடம், இந்த நடிகைங்க, பாட்டுக்காரங்க எல்லாம் கடைசியில பாடி கம்பெனி ஆரம்பிக்கிறாங்க? அவங்ககிட்ட இல்லாத காசா?"

திரையில் பாடகி ரிஹானாவின் உள்ளாடை விளம்பரம். 'பாடி' என்ற சொல் வந்தபோது மட்டும் அவள் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் நின்ற ஆண்களுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. "காசுக்காகத்தான்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. அவள் கேள்விக்கான பதில் அவள் தாழ்த்திய குரலிலேயே இருந்தது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா என்னைத் துணிக்கடைக்கு அழைத்துப்போனார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். அம்மா மெல்லிய குரலில் "பாப்பாவுக்கு பாடி" என்றார். கடைக்காரர் என் மார்பை ஒருமுறை பார்த்துவிட்டு "முப்பத்திரண்டு" என்று ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். நாடா வைத்து யாரும் அளக்கவில்லை. அவர் கண்தான் அளவுகோல். பிரா அளவு என்பது ஓர் எண் மட்டுமல்ல, அந்த எண் மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவு, மார்பின் அளவைச் சொல்ல ஏ, பி, சி என்று தனியாக ஓர் எழுத்து உண்டு என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை தோள்பட்டையில் பட்டி அறுத்த தழும்போடுதான் இருந்தேன். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் துவைத்து, கொடியில் உள்பாவாடைக்கு அடியில் காயவைத்தோம். வெயிலே படாமல் காய்ந்த அந்த ஈரத் துணியால் வரும் அரிப்பைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் என் அப்பாயி கடைசிவரை ரவிக்கையே போட்டதில்லை. மாராப்பைச் சுற்றிக்கொண்டு களை எடுத்தார், சந்தைக்குப் போனார். இரண்டே தலைமுறையில், கொடியில் தொங்கும் வெறும் துணியைப் பார்த்தே நாங்கள் கூசக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

இந்தக் கூச்சத்துக்குச் சந்தையில் விலை உண்டு. அதை முதலில் பெரிதாகக் காசாக்கியவர் ஓர் ஆண். அமெரிக்காவின் ராய் ரேமண்ட் தன் மனைவிக்கு உள்ளாடை வாங்கக் கடைக்குப் போய்க் கூச்சப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆண்கள் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய கடையாக 1977-இல் அவர் தொடங்கியதுதான் விக்டோரியாஸ் சீக்ரெட். உலகின் மிகப் புகழ்பெற்ற பெண் உள்ளாடைக் கடை ஓர் ஆணின் சங்கடத்தைத் தீர்க்கப் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை விளங்கும். இந்தியாவில் 2011-இல் ரிச்சா கர் தொடங்கிய ஜிவாமே பெண்களின் கூச்சத்திலிருந்து தொடங்கியது. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் இணையத்தில் வாங்கலாம் என்பதுதான் அதன் வாக்குறுதி. கூச்சம் இல்லாத ஊரில் இந்த இரண்டு வியாபாரமும் இப்படித் தொடங்கியிருக்காது.

நட்சத்திரங்கள் இங்கேதான் உள்ளே வருகிறார்கள். 1990-ஐ ஒட்டி ஆஸ்திரேலிய மாடல் எல் மெக்பெர்சன், நியூசிலாந்தின் பெண்டன் நிறுவனத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே உள்ளாடைகளைக் கொண்டுவந்தார். விளம்பரத்தில் நின்றுவிட்டுக் கூலி வாங்கிப் போவதைவிடப் பெயரைக் கொடுத்து விற்பனையில் பங்கு வாங்குவது லாபம் என்று கண்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். அந்தக் கதையின் முடிவையும் பார்க்க வேண்டும். 2015-இல் அதே பெண்டன், மெக்பெர்சன் பெயர் இருந்த இடத்தில் ஹெய்டி க்ளூம் என்ற இன்னொரு மாடலின் பெயரைப் போட்டது. நிறுவனம் அங்கேயே இருந்தது, பெயர்ப்பலகை மாறியது. தன் பெயரில் கடை என்பதும் பல நேரங்களில் தன் பெயரை வாடகைக்கு விடுவதுதான்.

அடுத்த தலைமுறை இன்னும் விவரமானது. பெயரைக் கொடுப்பதோடு நிற்காமல் உடைமையில் பங்கு கேட்டது. ரிஹானாவின் 'சாவேஜ் எக்ஸ் ஃபென்டி' 2018-இல் தொடங்கியது. 2021-இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவர் சொத்தை 170 கோடி டாலர் என்று மதிப்பிட்டபோது, அதில் 27 கோடி டாலர் உள்ளாடை நிறுவனத்தில் அவருக்கிருந்த பங்கு. கிம் கர்தாஷியன் 2019-இல் தன் உள்ளாடைகளுக்குக் 'கிமோனோ' என்று பெயர் வைக்கப்போய், ஜப்பானியர் எதிர்த்து, கியோட்டோ மேயரே கடிதம் எழுதிய பிறகு 'ஸ்கிம்ஸ்' என்று மாற்றினார். 2023-இல் அந்த நிறுவனத்தின் மதிப்பு 400 கோடி டாலர்.

ஏன் உள்ளாடை? கணக்கு எளிது. துணி கொஞ்சம், விலை அதிகம். நைந்துபோகும், மீண்டும் வாங்கியே ஆக வேண்டும். எந்தக் கடையிலும் சரியான அளவு கிடைக்காமல் சலித்த பெண்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். நட்சத்திரத்திடம் இருப்பதோ எந்த முதலாளியிடமும் இல்லாத ஒரு பொருள்: ஊரே ஏற்கெனவே பார்த்துப் பேசிய உடல். "நானே கூசவில்லை, நீ ஏன் கூசுகிறாய்?" என்று அவளால் சொல்ல முடியும். மற்ற நிறுவனங்கள் துணி விற்கின்றன. இவள் அதோடு ஓர் அனுமதியையும் சேர்த்து விற்கிறாள்.

அந்த அனுமதி முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நம் கடைகளில் 'ஸ்கின் கலர்' என்று கேட்டால் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அது யாருடைய தோல்? வெள்ளாற்றங்கரையில் எனக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை. ரிஹானா பல நிறத் தோலுக்கும் பொருந்தும் உள்ளாடைகளைக் கொண்டுவந்தார். பருத்த பெண்களையும் கருவுற்ற பெண்களையும் மேடையேற்றினார். ஒல்லியான உடலையே காலமெல்லாம் காட்டிய விக்டோரியாஸ் சீக்ரெட்டின் ஆண்டு அணிவகுப்பு 2019-இல் நின்றுபோனதற்கு மாறிவந்த இந்த ரசனையும் ஒரு காரணம். கறுத்த பெண் ஒருத்தி தன் நிறத்தில் ஒரு பிராவைக் காண்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் பில்லையும் படிக்க வேண்டும். அதே சாவேஜ் எக்ஸ், குறைந்த விலை என்று சொல்லிப் பெண்களை மாதச் சந்தாவில் சேர்த்து, அது தானாகப் புதுப்பிக்கப்படும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கலிஃபோர்னியாவின் அரசு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022-இல் 12 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. உன் உடலை நேசி என்று சொன்ன வாய், மாதா மாதம் பணம் எடுப்பதை மட்டும் மெல்லச் சொல்லியிருக்கிறது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். சமந்தா 2020-இல் 'சாக்கி' என்ற ஆடை நிறுவனம் தொடங்கினார். நயன்தாரா 2023-இல் '9ஸ்கின்' என்ற சருமப் பொருள்களையும் 'ஃபெமி9' என்ற சானிட்டரி நாப்கினையும் அறிவித்தார். இந்தியில் அனுஷ்கா சர்மா ஆடை நிறுவனமும் ஆலியா பட் குழந்தைகள் உடை நிறுவனமும் தொடங்கினார்கள். இந்தப் பட்டியலில் நாப்கின் வரை வந்திருக்கிறோம், பிரா வரவில்லை. நாப்கினுக்குச் சுகாதாரம் என்ற கவசம் இருக்கிறது, தாய்மார்களிடம் பேசலாம். பிராவுக்கு அந்தக் கவசம் இல்லை. அதைச் சொன்னதும் ஊர் ஆசையை நினைக்கிறது, நடிகையின் ஒழுக்கத்தை நினைக்கிறது.

ஆண்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அக்‌ஷய் குமார் டாலர் பனியனுக்கும் சல்மான் கான் திருப்பூர் டிக்ஸிக்கும் நின்றார்கள். விராட் கோலியின் 'ஒன்8' பெயரில் ஜட்டி விற்கிறது. டேவிட் பெக்காம் 2012-இலும் ரொனால்டோ 2013-இலும் தங்கள் பெயரில் உள்ளாடை கொண்டுவந்தார்கள். அவர்கள் ஒழுக்கத்தை யாரும் எடைபோடவில்லை. நம் சினிமாவிலோ ஒரு காலத்தில் சில்க் ஸ்மிதாவின் பாட்டு ஒன்று இருந்தால்தான் படம் விலைபோகும் என்று விநியோகஸ்தர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த உடலை ஆண்கள் விற்றபோது அது வியாபாரம். அதே பெண் தானே கடை போட்டு, தானே விலை சொன்னால் அது 'கூச்சமில்லாத' வேலை. நடிகை கூசாமல் இருக்கலாம், ஆனால் கல்லாப்பெட்டி அவள் கையில் இருக்கக் கூடாது. ஆகவே ஒரு நட்சத்திரம் உள்ளாடைக்கு உடைமையாளராவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஏளனம் செய்யும் ஆண்களோடு சேர்ந்து நானும் சிரிக்கப்போவதில்லை.

ஆனால் அந்தக் கல்லாப்பெட்டியும் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கிறது? ஜிவாமே, ரிலையன்ஸ் ரீட்டெயிலுக்குப் போனது. இலங்கையின் எம்.ஏ.எஸ் குழுமத்திடமிருந்து 'அமான்டே' 2021-இல் போனது. 'க்ளோவியா'வின் 89 சதவீதம் 2022-இல் 950 கோடி ரூபாய்க்குப் போனது. 2023-இல் ஆலியாவின் நிறுவனத்தில் 51 சதவீதமும் அதே வீட்டுக்குத்தான் போயிற்று. பெண்கள் தொடங்குகிறார்கள், நம் கூச்சத்தைச் சந்தையாகத் திரட்டிக் காட்டுகிறார்கள், பெருமுதலாளி மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்.

தைக்கிறவர்கள் இந்தக் கதையில் எங்கும் வருவதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் மழை பொய்த்தால் திருப்பூருக்குப் போகிறார்கள், அங்கே உள்ளாடையும் தைக்கிறார்கள். போர் முடிந்த பிறகு எம்.ஏ.எஸ் கிளிநொச்சியில் திறந்த ஆலைகளுக்கு 'விடியல்', 'வானவில்' என்று பெயர். எல்லாவற்றையும் இழந்த தமிழ்ப் பெண்கள் அந்த வாசல்களில் வேலைக்கு நின்றார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலைசெய்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அவரைத் தொல்லை செய்துவந்ததாகச் சொல்லப்பட்ட மேற்பார்வையாளரே கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யு சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. ஆலைத் தளத்தில் பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களுக்கே அது பொறுப்புக் கொடுத்தது. பெக்காமின் உள்ளாடையை விற்ற எச் அண்ட் எம் இதில் சேர்ந்தது. கால்வின் க்ளைன் உள்ளாடைகளின் தாய் நிறுவனமான பி.வி.எச்-சும் சேர்ந்தது. அந்தக் கையெழுத்துகளில் எந்த நட்சத்திரத்தின் பெயரும் இல்லை. உடல் விடுதலை பற்றி நான் வாசித்த விளம்பரங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒப்பந்தம் கூடுதலாகப் பேசியது.

மார்பை மறைக்கும் துணிக்காகத் தமிழ்ப் பெண்கள் ஏற்கெனவே ஒருமுறை போராடியிருக்கிறார்கள். அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காகத் தெருவில் துணி கிழிக்கப்பட்டார்கள். 1859-இல் அரசு இறங்கிவந்து அனுமதித்தபோதும் மேல்சாதிப் பெண்கள் போல் அணியக் கூடாது என்றொரு நிபந்தனையை வைத்தது. எந்தத் துணியை எந்த உடல், யார் அனுமதியோடு போடுவது என்ற கேள்வி நமக்குப் பழையது. அன்று அனுமதியை அரசனிடமிருந்து பிடுங்கினோம். இன்று அதையே ஒரு நட்சத்திரம் 'தன்னம்பிக்கை' என்ற பெயரில் பெட்டியில் போட்டு அனுப்புகிறாள்.

பெட்டி திட்டக்குடிக்கும் வருகிறது. மேலே எதுவும் எழுதாத பெட்டி. "உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது" என்பதைச் சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். கொரியர் தம்பி தெருமுனையில் நின்று கூப்பிடுகிறார், வீட்டில் அண்ணன் வாங்கிப் பிரிக்கிறான், அளவு பொருந்தாவிட்டால் பல நேரம் திருப்பி எடுப்பதும் இல்லை. அன்று செய்தித்தாள், இன்று அட்டைப்பெட்டி. கூச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது போய்விட்டால் அவர்கள் விற்கும் அனுமதிக்குத் தேவையே இருக்காது.

அடுத்த வாரம் அந்த மாணவியைப் பார்த்தபோது சரியான பதிலைச் சொன்னேன். "நீ அன்னைக்குக் குரலைத் தாழ்த்தின பாரு, அதுக்காகத்தான் ஆரம்பிக்கிறாங்க." சிரித்தாள். பிறகு அளவு எடுப்பது எப்படி என்று கேட்டாள், இம்முறை சாதாரணக் குரலில். விடுதி அறையில் தையல் நாடாவை வைத்துக்கொண்டு ஆறு பெண்கள் ஒருவரையொருவர் அளந்தோம். ஒருத்திகூடச் சரியான அளவைப் போட்டிருக்கவில்லை. அளந்து முடித்ததும், இந்த அளவுகள் எல்லாம் வேண்டும், எடுத்துக் காட்ட ஒரு பெண்ணும் வேண்டும் என்று கடைக்காரரிடம் போய்க் கேட்பது என்று முடிவானது.

மறுநாள் விடுதி மாடியில், உள்பாவாடைக்கு அடியில் இல்லாமல், கொடியிலேயே நான்கைந்து பாடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.