விழுந்த கற்களும் எண்ணிய கற்களும்

சந்தவாசலில் தறிக்குழியில் காலை இறக்கி, பாவின்மேல் பதித்த கண்ணை எடுக்காமல் பட்டு நெய்கிறவருக்கு, ஜவ்வாது மலையடிவாரத்துக் கருங்கற்களிடையே வானிலிருந்து மற்றொரு கருங்கல் வந்து விழுந்தாலும் அதை அறிய மார்க்கமில்லை. இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்தில் விழக் கண்டு எடுத்து வைத்ததாக நான் அறிந்த விண்கல் ஒன்றே. 1886-இல் நம்மியந்தலில் விழுந்த அதன் எடை நாலரைக் கிலோ.

கண்ணை மட்டும் நம்பினால் கணக்கு இவ்வளவு குறையும் என்பதால், கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 1971 முதல் 1985 வரை சமவெளியில் பன்னிரண்டு நிலையங்களில் காமிராக்களை நிறுத்தி, எரிந்து விழுவனவற்றின் ஒளியையும் வேகத்தையும் கொண்டு எடையை அனுமானித்து, நூறு கிராமுக்கு மேற்பட்ட வீழ்ச்சிகள் உலக நிலப்பரப்பில் ஆண்டுக்குச் சுமார் 5,800 என்று கண்டனர். நம் மாவட்டத்தின் பங்காக அதை வகுத்தால் நாலாண்டுக்கு ஒன்று வருகிறது. ஆகவே நம்மியந்தலுக்குப் பின் முப்பதேனும் விழுந்திருக்க வேண்டும். கண் தவறவிட்டதைக் கணக்கில் சேர்ப்பதே இம்முறையின் சிறப்பு.

கண், இல்லாததைச் சேர்த்துவிடுவதும் உண்டு. 2016 பிப்ரவரியில், மலைக்கு மேற்கே நாட்றம்பள்ளியில் ஒருவர் உயிரிழந்த வெடிப்பை விண்கல் என்று அரசே அறிவித்தது. நாசா விஞ்ஞானிகளோ அது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர்.

ஆயினும் காமிராக் கணக்குக்கும் எல்லை உண்டு. ஓர் அங்குலத்து இழைகளை எண்ணி முழுச்சேலைக்கும் கணக்குச் சொன்னால், அது உடலுக்குப் பொருந்தும், முந்தானையில் பொய்க்கும். சிறுகற்களின் விகிதத்தைப் பெருங்கற்களுக்கு நீட்டுவதன் தோஷமும் இதுவே. எட்டரை ஆண்டுகளில் செயற்கைக்கோள்கள் வானில் கண்ட முந்நூறு விண்கல் வெடிப்புகளைக் கொண்டு, 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் நேர்ந்தது போன்றது ஆயிரமாண்டுக்கு ஒருமுறை வரும் என்று 2002-இல் கணித்தனர். 2013-இல், சுமார் பத்தொன்பது மீட்டர் அகலமுள்ள பாறை ரஷ்ய நகரான செல்யாபின்ஸ்கின் வானில் வெடித்து, ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு பேரைக் காயப்படுத்தியபின், இவ்வளவினவற்றின் தொகை தொலைநோக்கி சொல்வதைப் போலப் பத்து மடங்கு இருக்கலாம் என்ற ஐயம் ஆராய்ச்சியாளரிடையே எழுந்தது. கிலோமீட்டர் அளவினவற்றைத் தொலைநோக்கிகள் பெரும்பாலும் கண்டறிந்துவிட்டமையால் அங்கே கணக்கு திடமானது. நடுவே, பத்து முதல் ஐம்பது மீட்டர் வரையில், அது நம்பத்தக்கதன்று என்பதே என் துணிபு.

சிறுகற்கள் விஷயத்தில் கனடாவின் வானத்தையே கடனாக வாங்கிக் கணக்கிட வேண்டியதில்லை. தொலைநோக்கிக்குக் காவலூரைத் தந்த இதே மலையைச் சுற்றி, இரவு வானைப் பதிவுசெய்யும் காமிராக்களை நம் கல்லூரிகள் நாலு இடங்களில் நிறுத்தட்டும்.