அரிமா சங்கத்தின் ஓராண்டு நாற்காலி

மாரண்டஹள்ளி போன்ற பேரூராட்சியில் கண்புரை வந்த முதியவருக்கு மருத்துவமனை ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பேருந்து உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் தக்காளித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் மகனோ மருமகளோ அன்றைய கூலியை விட்டுவிட்டு அவரோடு போக வேண்டும். அந்தத் தடையை உடைத்தவை இலவசக் கண் சிகிச்சை முகாம்கள். இடம், விளம்பரம், சாப்பாடு ஆகியவற்றை அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்) ஏற்கும். பரிசோதித்து, பேருந்தில் அழைத்துப்போய், அறுவை செய்து கொண்டுவந்து விடுவது மருத்துவமனையின் பொறுப்பு. 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்த்தெடுத்த இந்த ஏற்பாட்டில் அரிமா சங்கங்களின் பங்கு பெரிது.

1917இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர் தொடங்கியது அரிமா இயக்கம். 1925இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளுக்குப் பின் கண்ணொளியே அதன் முதற்பணி ஆனது. இந்தியாவுக்கு வந்தது 1956இல். பெண்களை உறுப்பினராக்க மட்டும் 1987 வரை காத்திருந்தது. நியாயப்படுத்த முடியாத தாமதம்.

மணி, சுத்தியல், கொடி வணக்கம், பெயருக்கு முன் ‘அரிமா’ என்ற அடைமொழி போன்ற சடங்குகளை வெறும் பகட்டு என்று ஒதுக்க மாட்டேன். கடைக்காரரும் ஆசிரியரும் ஒரே வரிசையில் உட்கார அவை உதவுகின்றன. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது என்ற விதியும் பாராட்டத்தக்கது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் தலைவர் மாறுகிறார். ஒருவரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதால் இது நல்ல மரபுதான். ஆனால் புதியவர் தம் பெயர் சொல்லப் புதிய திட்டத்தைத் தேடுகிறார். பழையது பாதியில் நிற்கிறது. சின்னத்திலுள்ள இரு சிங்க முகங்களில் ஒன்று கடந்த காலத்தையும் மற்றது வருங்காலத்தையும் பார்ப்பதாகச் சொல்வார்கள். நடைமுறையில் இரண்டும் அந்த ஆண்டின் பதவியேற்பு மேடையையே பார்க்கின்றன. கண்ணோ ஓராண்டுக் கணக்குக்கு அடங்காது. ஒரு கண்ணில் அறுவை முடிந்தவருக்கு மறுகண்ணிலும் புரை வளரலாம். சர்க்கரை நோயாளியின் விழித்திரை, அறிகுறி காட்டாமலே கெடும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முகாமில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பது அறிக்கையில் வருகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களுக்குப் பார்வை எப்படி என்று யார் கேட்கிறார்கள்?

அடுத்த ஜூலையில் பொறுப்பேற்கும் தலைவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. சால்வைக்கு முன்னால், கடந்த முகாமின் நோயாளிப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ளவர்களை மறுபரிசோதனைக்கு அழைப்பதே உங்கள் முதல் திட்டமாக இருக்கட்டும்.