வானத்தில் ஒரு பெயர்ப்பலகை

2012 நவம்பர் 27ஆம் திகதி சீனாவின் சீசாங் ஏவுதளத்திலிருந்து லோங் மார்ச் 3பி ரொக்கெட் கிளம்பியபோது, அதில் போவது இலங்கையின் முதல் செய்மதி என்று இங்கே கொண்டாடப்பட்டது. சுப்ரீம்சாட்-1 என்ற பெயரும், பல்லேகலையில் தரை நிலையமும் விண்வெளிக் கல்விக்கூடமும் எழும் என்ற அறிவிப்பும் கண்டியைச் சிறிது காலம் விண்வெளிச் செய்திகளில் நிறுத்தின. ரொக்கெட்டின் தலையில் இருந்ததைப் பார்த்தால் கதை வேறு. ஐந்து தொன் எடையுள்ள அந்தச் செய்மதியைக் கட்டியது ஐரோப்பாவின் தலேஸ் அலேனியா நிறுவனம். முதலில் அப்ஸ்டார் 7பி என்ற மாற்றுச் செய்மதியாகத் திட்டமிடப்பட்ட அது, பின்னர் சீனாசாட்-12 ஆகிச் சீன நிறுவனத்தின் உடைமையானது. இலங்கைத் தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது அதன் அலைவரிசைக் கொள்ளளவில் ஒரு பங்கின் குத்தகை மட்டுமே. பஸ்ஸில் நாலு இருக்கை பிடித்துக்கொண்டு முன்பலகையில் நம் ஊர்ப் பெயரை எழுதிய மாதிரி. குத்தகையில் தவறு ஏதும் இல்லை. உலகத் தொலைக்காட்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் வாடகைக்கு எடுத்த பெயரை நாட்டின் ஆற்றலாகக் கணக்கெழுதினால் அந்தக் கணக்கு நெடுநாள் நிற்காது.

பிறர் பயணத்தில் தொற்றி ஏறும் இந்த வழக்கத்துக்கு நல்ல முகமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ராவணா-1 அதற்குச் சான்று. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவகம் நடத்திய பேர்ட்ஸ்-3 திட்டத்தில், கட்டுபெத்த ஆதர் சி. கிளார்க் நிலையத்தைச் சேர்ந்த இரண்டு இளம் பொறியியலாளர்கள் அதைத் தங்கள் கைகளாலேயே உருவாக்கினர். பக்கத்துக்குப் பத்து சென்டிமீற்றர் கொண்ட கனசதுரம். எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். அதே அச்சில் நேபாளத்துக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று. 2019 ஏப்ரலில் சரக்குக் கலமொன்றில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17ஆம் திகதி ஜப்பானின் கிபோ கூடத்திலிருந்து வெளியே விடப்பட்டது. சூரியத் தகடுகள், மின்கலம், கமரா, வானொலி ஆகியவற்றை அந்தச் சிறு கூட்டுக்குள் அடக்குவதும், வெற்றிடத்திலும் அதிர்விலும் அவை தாங்குமா என்று சோதிப்பதும் புத்தகத்தால் வராத படிப்பு. சுப்ரீம்சாட்-1 இலங்கைக்கு அப்படி ஒரு பொறியியலாளரைக் கூடத் தரவில்லை. பெயருக்காகத்தான் அதையும் ராவணா-1ஐயும் ஒரே பட்டியலில் போடுகிறோம்.

இருந்தும் ராவணா-1 எடுத்துக் காட்டுவது பயிற்சியின் எல்லையையும்தான். 400 கிலோமீற்றர் உயரத்தில் மெல்லிய வளிமண்டலம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதன் உராய்வில் உயரம் குறைந்து குறைந்து, 2021 இறுதிக்குள் அந்தச் செய்மதி எரிந்து முடிந்தது. அந்த உயரத்துக்கு இது இயல்பான முடிவு. யாரும் வருந்த வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, அந்த இரண்டு ஆண்டுகளும் தரையில் எதை விட்டுச் சென்றன என்பது. பறப்பது ஒரு நாள் செய்தி. வந்து சேரும் தரவை ஆண்டுக்கணக்கில் வாசிப்பதற்கு ஆட்களும் ஆய்வுகூடமும் சம்பளமும் வேண்டும், அவற்றுக்கு நேரடி ஒளிபரப்பு கிடையாது.

வாசிப்பவர்களின் மரபு கண்டிக்குப் புதிதல்ல. பல்லேகலைக்கு மகாவலியின் மறுபுறம் ஹந்தானைச் சரிவில் இருக்கிறது அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அதன் இயக்குநர் பொறுப்பை 1984இல் ஏற்றவர் சிறில் பொன்னம்பெரும. காலியில் பிறந்த இந்த வேதியியலாளர் ரொக்கெட் எதையும் கட்டியதில்லை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், அப்பலோ வீரர்கள் கொண்டுவந்த நிலவு மண்ணில் உயிரின் வேதிப்பொருட்கள் உண்டா என்று தேடிய குழுவை நடத்தினார். 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்டறிந்து 1970இல் வெளியிட்டது அவருடைய குழுதான். அந்த முடிவின் வலிமை வாசித்த விதத்தில் இருந்தது. பூமியின் உயிர்கள் புரதத்தில் பயன்படுத்துவது அநேகமாக இடக்கை அமினோ அமிலங்களை மட்டுமே. கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆகவே அது தொட்டவர் விரலில் இருந்து ஒட்டிய அழுக்கு அல்ல, விண்வெளியிலேயே உருவானது. கல் யாருடைய நிலத்தில் விழுந்தது, மண்ணை எந்த நாட்டுக் கலம் கொண்டுவந்தது என்பதெல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் பெறுமதியை ஒரு துளியும் குறைக்கவில்லை.

இதே அளவுகோலை இன்றைய கண்டிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நாட்டிலேயே மிக அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். மலை சரியும் நாட்களில் வானம் மூடியிருக்கும். சாதாரணக் கமராச் செய்மதிக்கு அப்போது கண் கிடையாது. மேகத்தை ஊடுருவுவது ராடார். ஒரே சரிவை ஒரே பாதையிலிருந்து இருமுறை அளந்து, திரும்பிவரும் அலைகளின் கட்டத்தை ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீற்றர் நகர்ந்திருந்தாலும் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 இதை 2014 முதல் செய்கிறது. ஆனால் அதன் 5.6 சென்டிமீற்றர் அலை இலைகளிலேயே பட்டுத் திரும்புவதால், நக்கிள்ஸ் காடுகளிலும் நிழல்மரம் நின்ற தேயிலைச் சரிவுகளிலும் ஒப்பீடு குழம்பிவிடுகிறது. 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா–இஸ்ரோவின் நைசார், 24 சென்டிமீற்றர் அளவிலான நீண்ட அலையையும் அனுப்புகிறது. அது இலைகளைக் கடந்து தரையை எட்டும். 12 நாளுக்கு ஒருமுறை ஹந்தானைக்கும் நக்கிள்சுக்கும் மேலாகப் போகும். தரவு எவருக்கும் இலவசம் என்பதே அதன் கொள்கை. இப்படி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய இலங்கையால் இந்தத் தலைமுறையில் இயலாது, செய்யவும் வேண்டியதில்லை.

இந்தியாவும் இப்படித்தானே தொடங்கியது என்று கேட்பார்கள். 1975இல் ஆரியபட்டாவைச் சோவியத் ரொக்கெட்தான் தூக்கிச் சென்றது. மின்வழங்கல் பழுதால் அதன் ஆய்வுக்கருவிகள் சில நாட்களில் நின்றுபோயின. ஆனாலும் ஐந்தே ஆண்டில் தங்கள் சொந்த ரொக்கெட்டில் ரோகிணியை ஏவினார்கள். உண்மைதான். ஆனால் அந்த வரலாற்றின் இன்னொரு பாதியை நாம் மறந்துவிடுகிறோம். ஐதராபாத்துக்கு அருகே 1979இலேயே அமெரிக்காவின் லாண்ட்சாட் தரவைப் பெறும் நிலையத்தை அவர்கள் அமைத்தார்கள். பிறர் செய்மதியின் படங்களில் பயிரையும் நீரையும் காட்டையும் ஒன்பது ஆண்டு வாசித்துப் பழகிய பிறகே 1988இல், சோதனை நிலையைத் தாண்டி வழக்கமான பயன்பாட்டுக்கான தங்கள் தொலையுணர்வுச் செய்மதி ஐஆர்எஸ்-1ஏ போனது. தேசியப் பெருமை மாணவரை அறிவியலுக்கு இழுக்கும் என்ற வாதத்தையும் நான் தள்ளவில்லை. ஆனால் அப்படி இழுக்கப்பட்ட மாணவர் பேராதனையில் பொறியியலோ புவிச்சரிதவியலோ முடித்து வெளியே வரும்போது அவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்று கேட்காத பெருமை, அவரை விமான நிலையத்துக்குத்தான் கொண்டுபோய் விடும்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று மீரியபெத்த. கொஸ்லந்தைக்கு அருகே 2014 அக்டோபர் 29ஆம் திகதி அந்தத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம், மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தெரிந்தும் அகற்றவில்லை என்றால் இன்னும் துல்லியமான தரவால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ராடாருக்கும் குறைகள் உண்டு: செங்குத்துச் சரிவின் மறுபக்கம் அதற்கு நிழல், முன்னசைவு இல்லாமல் ஒரே இரவில் பாயும் சேற்றை 12 நாள் இடைவெளி பிடிக்காது, மாற்றுக் காணி கொடுப்பது எந்தச் செய்மதியின் வேலையும் அல்ல. ஆயினும் ஒரு மாவட்டம் முழுவதும் ஆபத்து வலயம் என்று சொல்லும் வரைபடத்தை ஓர் அதிகாரி அலுமாரியில் வைத்துவிடலாம். இந்த லயனுக்கு மேலேயுள்ள சரிவு கடந்த ஆறு மாதத்தில் நகர்ந்திருக்கிறது என்று தமிழில் எழுதித் தோட்ட மக்களின் கையிலும் கொடுக்கப்பட்ட தாளை அப்படிச் செய்வது கடினம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இன்னொரு கனசதுரத்துக்கும், பேராதனையிலோ ஹந்தானையிலோ இந்தத் தாளை மாதந்தோறும் தயாரிக்கும் நிரந்தரக் குழுவுக்கும் இடையே தெரிவு வருமானால், குழுவுக்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும். ராவணா-1 போன்ற திட்டங்களில் ஜப்பானில் பயின்று வருபவர்களுக்கும் அங்கே மேசை போடலாம்.