கிணறுகளை எண்ணியவர்கள்

467 கிணறுகள். அவற்றில் 350 கெட்டுவிட்டன. குடிக்கவும் பாசனத்துக்கும் ஊர்க்காரர்கள் நம்பியிருந்த கிணறுகள் அவை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் முற்பகுதியில் இந்தக் கணக்கு வருகிறது. டேனரிகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல மனுவின் மீது, 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அது. சட்டம் படிப்பவர்கள் அதிலுள்ள கோட்பாடுகளுக்காக அதைப் புரட்டுவார்கள். நான் அதன் எழுத்துக்காகப் படிக்கிறேன்.

‘ஏராளமான கிணறுகள்’ என்று எழுதியிருந்தால் ஒரு நொடியில் கடந்து போயிருப்போம். 350 என்று சொல்ல வேண்டுமானால் யாரோ 13 கிராமங்களில் நடந்து, ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். கெடாத 117 கிணறுகளையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் முதல் எண்ணை நம்ப வைக்கிறது. இத்தனைக்கும் இவை வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றங்கரைக் கிணறுகள் அல்ல, திண்டுக்கல் பக்கத்தவை. வேலூர்க்காரர்கள் தங்கள் வழக்குக்குத் திண்டுக்கல்லையும் சாட்சிக்கு அழைத்தார்கள். (இணையத்தில் கிடைக்கும் பிரதியில், அந்தக் கிராமங்களில் சில அடங்கிய ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார் சத்திரம்’ ஆகியிருக்கிறது. ஊர்ப்பெயர் டெல்லி வரை போய்வந்தால் இப்படித்தான்.)

அடுத்து, கழிவுநீர் போகும் வழியைச் சொல்லும் இடம். டேனரிகளின் சுத்திகரிக்காத நீர் வயலில் விடப்படுகிறது, சாலையோரத்தில், வாய்க்காலில், வெற்றுநிலத்தில் விடப்படுகிறது. கடைசியில் பாலாற்றில் சேர்கிறது. அந்தப் பாலாறுதான் அப்பகுதி மக்களின் முதன்மையான நீராதாரம். ‘சேர்கிறது’ என்ற இடத்துக்கும் ‘நீராதாரம்’ என்ற இடத்துக்கும் நடுவில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. கழிவு ஓடும் வரிசையிலேயே சொற்களும் ஓடி, நம் வீட்டுக் குடத்தில் வந்து நிற்கின்றன.

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்கிறது மனு. தமிழ்நாடு சட்ட உதவி வாரியம் பார்வையிட்டு வரச் சொன்ன இரு வழக்கறிஞர்களின் அறிக்கையோ 40 லிட்டர் என்கிறது. எண்கள் ஒத்துப்போகாதது எனக்கு நல்லதாகவே படுகிறது. கூடிப் பேசி எழுதவில்லை என்று தெரிகிறதல்லவா? அந்த அறிக்கையில் இன்னொரு நயம் உண்டு. ஆம்பூரைச் சுற்றி நாளொன்றுக்கு 200 டன் தோல் என்று சொல்லிவிட்டு, வெளியேறும் நீர் எவ்வளவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள் என விட்டுவிடுகிறது. 80 லட்சம் லிட்டர். கணக்கைப் போட்டது வாசகன். அதனால் விடையை மறுக்கவும் அவனால் முடியாது.

எதிர்த்தரப்பை நீதிபதி கையாளும் விதம் இன்னும் அழகு. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழ்நாட்டிலிருந்து போகிறது, அந்நியச் செலாவணி வருகிறது, வேலைவாய்ப்பு பெருகுகிறது என்று தொழிலதிபர்களின் வழக்கறிஞர் சொல்ல வேண்டியதையெல்லாம் நீதிபதியே சொல்லிவிடுகிறார். இவ்வளவும் உண்மைதான், ஆயினும் சூழலைச் சிதைக்க இந்தத் தொழிலுக்கு உரிமை கிடையாது என்பது அதே மூச்சில் வருகிறது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்த மனிதர், ‘வேலைவாய்ப்பு’ என்ற ஒற்றைச் சொல்லாக மட்டுமே அந்த வாக்கியத்தில் இருக்கிறார்.

அந்தச் சுண்ணாம்புத் தொட்டி வேறோர் இடத்தில் எதிர்பாராமல் தலைகாட்டுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனை நீதிபதி துணைக்கு அழைக்கிறார். பிறருக்குத் தொல்லை தரும் தொழில்களுக்கு உதாரணமாக பிளாக்ஸ்டன் சொல்வது தோல் பதனிடுவதைத்தான்! ஓடையின் மேற்பகுதியில் சாயப்பட்டறையோ சுண்ணாம்புக் குழியோ அமைத்து நீரைக் கெடுப்பதும் அவர் பட்டியலில் உண்டு. வாணியம்பாடியையும் ஆம்பூரையும் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கிறது. தோலில் மயிர் தளர சுண்ணாம்பில் ஊறவைப்பது அன்றும் இன்றும் ஒன்றுதானே.

ஆனால் தீர்ப்பின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. அதுவரை தன் கிணறு எந்த டேனரியால் உப்பானது என்று காட்ட வேண்டியவர் விவசாயி. பூமிக்கடியில் கலந்த நீரில் யாருடைய உப்பு எது என்று யாரால் பிரிக்க முடியும்? நிரூபிக்கும் பொறுப்பைத் தீர்ப்பு அப்படியே திருப்பிப் போட்டது. தன்னால் சூழலுக்குக் கேடில்லை என்று தொழில் நடத்துபவர்தான் இனிக் காட்ட வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியும் இந்தத் தீர்ப்பால் மேலும் வலுவாக வேரூன்றியது. ஐந்து மாவட்டங்களிலுள்ள ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்பது மட்டும், இவ்வளவு கம்பீரமான எழுத்துக்குப் பின்னால் சற்றுச் சப்பென்றிருக்கிறது.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. மறுபடியும் யாரோ தலை தலையாக எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பணம் எல்லோர் கைக்கும் போய்ச் சேராததால் வழக்கு மறுபடி டெல்லிக்குப் போயிற்று. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீடு கொடுக்கச் சொல்லிப் புதிதாக ஒரு தீர்ப்பு எழுதினார்கள். முதல் மனு போட்டு அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.