புல் வெட்டியவர் எங்கே?

லண்டனில் கோர்ட்டோல்ட் காலரிக்குப் போக வாய்த்தால், கமீல் பிஸாரோவின் 'லார்ட்ஷிப் லேன் ஸ்டேஷன், டல்விச்' முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். சின்னப் படம், முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லை. மூடிய வானம், இரண்டு பக்கமும் புல்சரிவு, புது வீடுகள், நடுவில் நம்மை நோக்கி வரும் ஒரு ரயில். அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான்.

பிரான்ஸ்-பிரஷ்யா யுத்தத்தில் தப்பித்து 1870-ல் குடும்பத்தோடு லண்டன் வந்தவர், மறு வருஷம் வரைந்தது இது. டர்னர் 1844-ல் வரைந்த ரயில், மழையும் புகையுமாக ராட்சசன் மாதிரி பாய்ந்து வரும். பிஸாரோவின் ரயில் பால்காரர் போல அலட்டிக்கொள்ளாமல் வருகிறது. புறநகர் ரயிலை அப்படித்தான் வரைய வேண்டும்.

இந்த லைனின் கதை வேடிக்கையானது. ஹைட் பார்க்கிலிருந்து பெயர்த்து, ஸிடன்ஹாம் குன்றில் 1854-ல் திறந்த கண்ணாடி மாளிகைக்கு அடிவாரத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டேஷன் இருந்தது. போட்டிக் கம்பெனி சும்மா இருக்குமா? 1865-ல் நன்ஹெட்டிலிருந்து கிளை போட்டு, மாளிகையின் வாசலுக்கே ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கியது. லைன் பிறந்ததே அந்த மாளிகைக்காக. பிஸாரோவோ ரயில்பாதை மேலிருந்த நடைபாலத்தில், மாளிகைக்கு முதுகைக் காட்டி நின்று வரைந்திருக்கிறார்!

எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. சரிவில் நீண்ட அரிவாளால் புல் வெட்டும் ஓர் ஆளை முதலில் வரைந்து, பிறகு பூசி மறைத்துவிட்டார். அந்த ஆள் இருந்திருந்தால், 'கிராமத்தை விழுங்கும் இயந்திரம்' என்று என்னைப் போன்றவர்கள் நாற்பது பக்கம் எழுதியிருப்போம். அந்த மலிவான அர்த்தத்திலிருந்து படம் தப்பியது. ஓவியமாக, எடுத்தது சரிதான். இருந்தாலும் எனக்கு ஓர் உறுத்தல்: ரயிலுக்கு இடம் இருக்கிறது, வீடுகளுக்கு இருக்கிறது, அந்த நிலத்தில் வேலை செய்தவருக்கு மட்டும் இல்லை.

மாளிகை 1936-ல் எரிந்தது. லைன் 1954-ல் மூடப்பட்டது. படத்தில் இருப்பது பெஞ்ச் ஸ்டேஷன் என்றே பல வருஷம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லார்ட்ஷிப் லேன் ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது குடியிருப்பு. பிஸாரோ பார்த்த திறந்த சரிவுகளில் மரங்கள் அடர்ந்துவிட்டன. புல் வெட்டியவரைத் திரும்பக் கூப்பிட்டால் அரிவாள் போதாது, கோடாலியோடுதான் வர வேண்டும்.