பூங்கா நகரில் நடப்போர் யார்?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். மாணவரும் அத்தலைப்பில் கட்டுரை வரைந்து மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், அச்செல்வத்தை ஈட்டும் வாய்ப்பை நம் நகரங்கள் அவர்களுக்கு நல்குகின்றனவா என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அதனை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியப் பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டிற்று. நீரிழிவு உடையோர் 15.6 விழுக்காட்டினர். இவ்விரண்டிலும் இந்தியரின் விழுக்காடு பிற இனத்தாரினும் மிகுதி என்பதை இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்து உணர்த்தி வருகின்றன. ஆகவே, இஃது ஊரார் சிக்கல் அன்று. நம் வீட்டுச் சிக்கல்.

இதற்குத் தீர்வாக மேடைதோறும் கூறப்படுவது ஒன்றே: குறைத்து உண்க, மிகுதியாய் நடக்க. அறிவுரை பிழையன்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. எனினும், வள்ளுவர் தம் 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து உண்பதைச் சொன்னதோடு அமையவில்லை. நோயின் மூலத்தை ஆராயவும் பணித்தார். நம்மவரோ முற்பகுதியைப் பற்றிக்கொண்டு பிற்பகுதியைக் கைவிட்டனர். நடப்பதற்கு வழியில்லா ஊரில் நடவென்று சொல்வது, நீரில்லாக் குளத்தில் நீந்தச் சொல்வதையே ஒக்கும்.

சான்றாகப் புத்ராஜெயாவை நோக்குவோம். 1995இல் கட்டத் தொடங்கப்பெற்று, 1999இல் பிரதமர் அலுவலகம் குடிபுகுந்த இந்நகர் 'பூங்கா நகர்' என்று போற்றப்படுகிறது. ஏரியும் மரங்களும் பாலங்களும் கண்ணுக்கு விருந்தாகும் என்பதில் ஐயமில்லை. ஆயின், பூங்கா நகர் என்னும் கருத்தை 1898இல் உலகிற்களித்த எபனேசர் ஹோவர்டு எண்ணியது இதுதானா? அவர் வகுத்த நகரில் 32,000 பேர் வாழ்வர். நடுவிலிருந்து நகரின் விளிம்பு ஏறத்தாழ முக்கால் மைல் தொலைவே. நடுவிலிருந்து ஒருவர் ஏறத்தாழக் கால்மணி நேரத்தில் எங்கும் நடந்து சேரலாம். பசுமையும் அண்மையும் அவர் கருத்தின் இரு கண்கள். புத்ராஜெயாவை வகுத்தோர் பசுமையை ஏற்றனர், அண்மையை மறந்தனர். அங்குள்ள நடுப் பெருஞ்சாலை 4.2 கிலோமீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உடையது. அணிவகுப்புக்கு அது பொருந்தும். நண்பகலில் கடைக்கு நடந்து செல்லும் மூதாட்டிக்குப் பொருந்துமா? 2023இல் எம்.ஆர்.டி. இரயில் அந்நகரை எட்டியது நற்செய்தியே. ஆனால், நிலையமோ நகரின் ஓரத்தில் உள்ளது. அங்கிறங்குவோர் அமைச்சகத்தை அடைய மீண்டும் ஒரு வண்டியை நாட வேண்டியுள்ளது.

வெயில் மிகுந்த நாட்டில் யார் நடப்பார் என்று சிலர் வாதிடுவர். இதற்கு விடை நம் பழைய கடைத்தெருக்களிலேயே உள்ளது. 1822இல் சிங்கப்பூர் நகரத்திற்கு விதி வகுத்த இராபிள்சு, கடைகளின் முன்னே கூரையிட்ட தொடர்வழி அமையவேண்டும் என்று ஆணையிட்டார். 'ஐந்தடி' என்று நாமழைக்கும் அவ்வழி பின்னர் மலாயா நகரங்களிலும் பரவிற்று. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, ஒரு தெரு முழுதும் நடந்துவிடலாம். வெயில் அன்றும் இருந்தது. நடப்பவரை எண்ணிப் பார்த்த விதியும் உடனிருந்தது.

சிங்கப்பூர் கற்பிக்கும் பாடம் இரு பக்கம் உடையது. அங்கே 1992இல் பள்ளிகளில் தொடங்கிய திட்டமொன்று, பருத்த மாணவரைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்வித்தது. எடை குறைந்தது உண்மை. ஆனால், பிரிக்கப்பட்ட பிள்ளைகள் கேலிக்கு உள்ளாயினர் என்ற குறை எழுந்தது. 2007இல் அத்திட்டம் முடிவுற்றது. அதே 1990களில் தொடங்கிய பூங்கா இணைப்பு வழிகளோ இன்று 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டுள்ளன. அவை எவரையும் பருமன் என்று சுட்டவில்லை. எல்லாரையும் நடக்க அழைத்தன. அங்கும் உடற்பருமன் ஒழிந்துவிடவில்லை. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் அதற்கு ஆளாகியுள்ளனர். நகரமைப்பு மட்டும் நோய் தீர்க்கும் என்று நாம் கூறவில்லை. அதுவின்றி மற்ற முயற்சிகள் முழுப்பயன் தரா என்பதே நம் கருத்து.

இனி நம் மக்கள் நிலைக்கு வருவோம். இன்று புத்ராஜெயா எழுந்துள்ள மண், முன்னர் பிராங் புசார் முதலிய தோட்டங்களாய் இருந்தது. விடியற்காலைப் பெரட்டு தொடங்கிப் பால்மரம் வெட்டிப் பால்வாளி சுமக்கும் வரை அங்கே நம்மவர் நாளெல்லாம் நடந்தனர். அவ்வாழ்வைப் பொன்னுலகம் என்று புகழ்வது பொய்யாகும். அது வறுமை நடத்திய நடை. ஆயினும், கோயில், பள்ளி, விளையாட்டுத் திடல் மூன்றும் காலடித் தொலைவில் இருந்தன. நகரம் வந்தபோது அம்மக்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். கூலி நடை ஒழிந்தது நன்றே. அதனுடன் திடலும் ஏன் ஒழியவேண்டும்?

இக்குறை அவர்களோடு நிற்கவில்லை. புதிய தாமான்கள் பல, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் ஒதுக்காமலே எழுந்தன. நம் பிள்ளைகளுள் பலர் இருட்டில் எழுந்து வேனில் அடைபட்டு நெடுந்தொலைவு வருகின்றனர். நண்பகலில் அவ்வாறே திரும்புகின்றனர். வாசலில் இறங்கினால் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் நிறைந்த சாலை. அப்பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பருத்தால், அதனைச் சோம்பல் என்று ஏசுவது முறையாகுமா? சோம்பல் அப்பிள்ளையிடம் அன்று, வரைபடத்தில் இருக்கிறது.

செய்யத்தக்கது யாது? தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து மறுப்புரை கேட்கவேண்டும் என விதிக்கிறது. அவ்வேளையில் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பேசவேண்டும். நிழல் தரும் நடைபாதை, வீட்டருகே திடல், நடந்து சேரும் தொலைவில் பள்ளி என்னும் மூன்றையும் எழுத்து வடிவில் கேட்கவேண்டும். ஆசிரியப் பெருமக்கள், 'நான் பள்ளிக்கு வரும் வழி' என்று மாணவர்க்குத் தலைப்புக் கொடுத்து, நடக்கத் தடையானவற்றை அவர்களையே குறிக்கச் செய்யலாம். அத்தாள்கள் நகராண்மைக் கழகத்தின் மேசைக்கும் செல்லட்டும். மருத்துவமனைகளைப் பெருக்குவதினும் நடக்கத்தக்க தெருக்களை அமைப்பது நாட்டிற்குச் சிறந்த செல்வமாகும்.