சுவரும் கொந்தராத்தும்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ புதிதாக நிறம் பூசப்பட்டு நிற்கும் ஒரு வீட்டின் முன்னே நின்று, இதற்குப் பெயின்ட் அடித்தவர் யார் என்று விசாரிப்பவருக்கு, வீட்டுக்காரர் ஒரு பெயரைச் சொல்வதும், அப்பெயருக்குரியவரைத் தேடிப் போனால் அவர் வேறொருவரைக் கைகாட்டுவதும், அந்த வேறொருவரோ தம் மச்சான்மார் இருவரே சுவரில் கைவைத்தவர்கள் என்று ஒதுங்கிக்கொள்வதும் கிழக்கிலங்கையின் இப்பிரதேசத்தில் இன்று சர்வசாதாரணமான அநுபவமாகிவிட்டது. இந்த ஏற்பாட்டை வீடு கட்டுவோர் ஏமாற்று என்று வைகிறார்கள். தொழில் நடத்துவோரோ இது இல்லாவிட்டால் தொழிலே இல்லை என்று சாதிக்கிறார்கள். வேலையைக் கைமாற்றுவது தவறென்று நான் கருதவில்லை. ஆனால், ஒரு வீட்டின் பெயின்ட் வேலையில் கைமாற்றக்கூடிய பாகமும் கைமாற்றக்கூடாத பாகமும் உண்டென்பதையும், நம்மவர்கள் இவ்விரண்டையும் ஒரே விலையில் கட்டி ஒரே கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் இங்கே காட்ட விரும்புகிறேன்.

கொந்தராத்து என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பாஸ் என்ற சொல் ஒல்லாந்தருடையது, அவர்கள் பாஷையில் எஜமான் என்று பொருள்படுவது. வேலையை ஏற்பவனுக்கும் வேலை தெரிந்தவனுக்கும் இவ்வாறு ஆளுக்கொரு பெயர் கிடைத்திருக்க, இருவருக்கும் இடையில் முளைத்திருக்கும் மூன்றாமவனுக்கு நம் பாஷை இன்னும் பெயர் சூட்டவில்லை; 'சப் எடுத்தவர்' என்று ஆங்கிலத்தின் ஓரசையை வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறோம். நல்ல பெயர் யாருக்காவது தோன்றினால் எழுதியனுப்பலாம்.

பெயர்தான் புதிதேயன்றி இடையாள் இக்கரைக்குப் புதியவர் அல்லர். சம்மாந்துறை வயல்களிலும் அக்கரைப்பற்று வயல்களிலும் நிலத்துக்குரிய போடியாருக்கும் சேற்றில் இறங்குவோருக்கும் நடுவே முல்லைக்காரர் நின்றார். மருதமுனையில் முதலாளி நூலைக் கொடுக்க, வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. கரைவலையிலோ தோணிக்கும் வலைக்கும் உரியவருக்கு ஒரு பங்கும் இழுத்தவர்களுக்கு மற்றப் பங்குமாக மீன் பிரிக்கப்படுகிறது. இவற்றோடு பெயின்ட் வேலையை ஒப்பிட்டால் இரண்டு பேதங்கள் புலப்படும். கரைவலையில் மீன் படாத நாளில் வலைக்காரரும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்; பெயின்ட் வேலையில் நஷ்டம் வந்தால் அது படியிறங்கிக் கடைசி ஆளின் மடியில் விழுகிறது. கைத்தறிச் சாரத்தை விரித்துப் பார்த்த மாத்திரத்தில் இழை தப்பிய இடம் கண்ணிற்பட்டுவிடும். சுவரோ தன் குற்றத்தை ஒரு மாரிகாலம் வரைக்கும் மறைத்து வைத்திருக்கும். இந்த இரண்டாவது பேதத்தைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இம்முறையின் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இக்கரையில் வீட்டுக்கு நிறம் பூசும் காரியம் ஆண்டு முழுவதும் சீராக ஓடுவதன்று. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு மழை இறங்கிவிட்டால் வெளிச்சுவரில் தூரிகை வைக்க முடியாது. கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களிலும், நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களிலும் எல்லா வீட்டுக்காரரும் ஒரே குரலில் கூப்பிடுவார்கள். பெண்மக்களுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுப்பது நமது வழக்கமாதலால், கலியாணத் தேதி எதுவோ அதுவே பெயின்ட் முடியும் தேதியுமாகிவிடுகிறது. அத்தேதியை எந்தக் கொந்தராத்துக்காரராலும் ஒரு நாளேனும் தள்ளிவைக்க முடியாது. இத்தகைய தொழிலில் இருபது பேரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருப்பவர் மாரிகாலத்தில் கடன்பட்டே சம்பளம் கொடுப்பார். நாலு பேரை வைத்துக்கொண்டு, வேலை குவியும்போது மற்றவர்களைத் துணைக்கு அழைப்பவர் பிழைத்துக்கொள்வார். அதற்கு மேலாக, 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அடுத்து, அந்த ஓராண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காக இந்நாட்டை விட்டுப் போனார்கள். கைத்தேர்ச்சியுள்ள பாஸ்மாரில் பலர் இன்று கட்டாரிலும் சவூதியிலும் சுவருக்கு நிறம் பூசுகிறார்கள். இருக்கிற சில நல்ல கைகளைப் பல கொந்தராத்துக்காரர்கள் பங்கிட்டுக்கொள்ளுவதற்கு 'சப்' என்னும் உபகொந்தராத்தைத் தவிர வேறு உபாயம் இல்லை.

இன்னுமொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. தூரிகை கழுவும் பையனாக வந்தவன் பாஸாகி, பிறகு ஒரு வீட்டை 'சப்' எடுத்து, ஆள் நடத்தவும் சதுர அடி அளக்கவும் கற்று, சில வருஷங்களில் தானே கொந்தராத்துக்காரனாக எழுவதற்கு இம்முறை ஒரு படிக்கட்டாக இருக்கிறது. முதல் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு வேறு எந்த வியாபாரம் இப்படிப்பட்ட வாசலைத் திறந்து வைத்திருக்கிறது?

இனி, சுவர் மறைத்து வைக்கும் குற்றத்துக்கு வருவோம்.

பெயின்ட் வேலையின் பெரும்பகுதி பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, அல்லது முடிந்திருக்க வேண்டும். புதுப்பூச்சு ஏறக்குறைய 28 நாள் காய வேண்டும். பழஞ்சுவரானால் உரிந்ததைச் சுரண்டி, உவர் பூத்த இடத்தைத் துலக்கிக் கழுவி, வெடிப்புகளைப் புட்டியால் அடைத்து, சேண்ட்பேப்பர் போட்டு, தூசியைத் துடைத்து, வோல் ஃபில்லர் ஒரு கோட் அடித்து, அது காய்ந்த பின்னரே நிறத்தை நினைக்க வேண்டும். கடலிலிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கும் நம் வீடுகளுக்கு இது இரட்டிப்பு அவசியம். உப்புக் காற்று ஒருபுறம், அத்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் மறுபுறம், கரையோரக் கிணற்றின் உவர்நீரில் குழைத்த சாந்து இன்னொருபுறமாக, சுவருக்குள்ளே உப்பு வழி தேடிக்கொண்டிருக்கிறது. மேலே பூசிய நிறம் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் உள்ளே நடந்த வேலையை ஈடுசெய்யாது. இவ்வளவு முக்கியமான இந்தப் பாகத்தைச் சதுர அடிக் கணக்கில் யாரும் அளப்பதில்லை. அளக்கப்படுவது நிறம், கூலி கிடைப்பது நிறத்துக்கு. எனவே, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி 'சப்' எடுத்தவனுக்குச் சுரண்டுவதில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் சொந்த நஷ்டமாகிறது. அவன் கெட்டவன் என்பதனால் அல்லாமல் கணக்கு அப்படி அமைந்திருப்பதனாலேயே அவன் அவசரப்படுகிறான்.

உதாரணத்துக்கு, வீட்டுக்காரர் கொடுக்கும் நூறு ரூபாவில் கொந்தராத்துக்காரர் தமக்கு முப்பதை வைத்துக்கொண்டு எழுபதுக்குக் கைமாற்றுவதாகவும், அதை வாங்கியவர் இருபதை ஒதுக்கிவிட்டு ஐம்பதுக்குத் தம் ஆட்களிடம் விடுவதாகவும் வைத்துக்கொண்டால், அந்த ஐம்பதில் எது குறையும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. சாமானோடு பேசிய வேலையானால் பெயின்டில் தண்ணீர் கூடும். கூலிக்கு மட்டும் பேசிய வேலையானால் நாள் குறையும். முதலாவதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒப்புரவான சுவரில் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடியையே மூடும். 1000 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கோட் என்றால் 4 லீற்றர் டின் ஐந்து வேண்டும். மூன்று டின்னில் வேலை முடிந்துவிட்டதென்றால் வீட்டுக்காரர் மகிழ்ச்சியடைய நியாயமில்லை. இரண்டாவதைக் கண்டுபிடிக்க மழையாலன்றி வேறெவராலும் இயலாது.

என் தங்கையின் மகளுக்குக் கட்டிய வீட்டில் இது பிரத்தியட்சமாக நடந்தது. கலியாணத்துக்கு முந்திய வாரம் பளிச்சென்று முடிந்த சுவர், அடுத்த மாரியில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழுந்து உரிந்தது. கொந்தராத்துக்காரரிடம் போனேன். "அவன் செஞ்ச வேலைக்கு நான் என்ன செய்யிற, காக்கா?" என்றார். 'சப்' எடுத்த இளைஞனைக் கண்டுபிடித்துக் கேட்டேன். "சுவர் காயல்ல எண்டு நான் சொன்னதான் காக்கா, கலியாணம் கிட்டிட்டு, அடி எண்டாங்க" என்றான். அவனிடம் அப்படிச் சொன்னவர்களில் என் மச்சானும் ஒருவர் என்று பிற்பாடு தெரிந்தபோது, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சுவர் காயவில்லை என்பதை அறிந்தவனுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. உபகொந்தராத்தின் பிரதான தோஷம் அறிவையும் அதிகாரத்தையும் இவ்வாறு இரண்டு ஆட்களிடம் பிரித்து வைத்துவிடுவதே.

கைகள் கூடக்கூடப் பணம் கரையும் தோஷத்தையும் பெரிய அளவில் நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளில் இலங்கையின் மாவட்டங்களுள் அதிக உயிர்களை, 10,000க்கும் மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டம். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாதென்ற ஆணை முதலில் வந்தது. காணி தேடும் படலம் வந்தது. பின்னர் வீடுகள் எழுந்தன. உதவிப் பணம் கொடுத்தவருக்கும் கட்டிய கைக்கும் நடுவே எத்தனை கைகள் இருந்தன என்பதை அந்நாட்களில் வேலை செய்த எந்தப் பாஸும் விரல் மடக்கிச் சொல்லுவார். பணம் கடல் கடந்து வந்து கடைசிப் படியை அடையும்போது, கூலிக்கு அப்பால் வோல் ஃபில்லருக்கு மிச்சம் இருக்கவில்லை.

2022இலோ விலையே படிக்கட்டில் உருண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, சாமானோடு விலை பேசி முடித்திருந்தவர்களின் கதி என்னவாயிற்று என்பதை விவரிக்க வேண்டியதில்லை. விலையைத் திருத்திப் பேசிய கண்ணியவான்கள் இருந்தார்கள். பேசிய பேச்சு பேச்சுத்தான் என்று கீழே உள்ளவனிடம் மட்டும் சத்தியத்தை நிலைநாட்டியவர்களும் இருந்தார்கள்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், 'சப்' என்ற பெயர் சில வேளைகளில் ஒரு முக்காடாகவே பயன்படுகிறது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 முதல் அமலில் இருக்கிறது. தொழிலாளி 8 சதவீதமும் எஜமானர் 12 சதவீதமும் கட்டவேண்டும். காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் வந்து, கொந்தராத்துக்காரரின் சாரத்திலேறி, அவருடைய ரோலரைப் பிடித்து, அவர் சொன்ன சுவருக்கு அவர் சொன்ன நிறத்தை அடித்து, நாட்கூலி வாங்கிப் போகிறவனை 'சப்' எடுத்தவன் என்று அழைப்பது பாஷைக்கும் அநியாயம், அவனுக்கும் அநியாயம். கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2018இல் இதற்கு மூன்று கேள்விகளை வகுத்தது: அவன் பிறர் கட்டுப்பாடின்றி வேலை செய்கிறானா, அவன் செய்யும் வேலை அமர்த்தியவரின் வழக்கமான தொழிலுக்குப் புறம்பானதா, அவனுக்கென்று தனித்தொழில் ஒன்று உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அவன் சுயாதீனன். நமது கரையில் இரண்டாவது கேள்வியிலேயே அநேகர் தோற்றுப் போவார்கள். அந்த அளவுக்குக் கடுமை நமக்கு வேண்டாமெனில், இடையாள் கூலி கொடாமற்போனால் பிரதான எஜமானரே கொடுக்கவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விதித்தது போன்ற ஓர் ஏற்பாட்டையாவது நாமாகவே கைக்கொள்ளலாம். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படியான போதனையைக் குத்பாவில் கேட்டுத் தலையசைக்கும் ஊர் இது. யாருடைய கையால் கொடுப்பது என்ற விஷயத்தில் மட்டும் நமக்கு மறதி வந்துவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. சுரண்டுதல், கழுவுதல், அடைத்தல், வோல் ஃபில்லர் ஆகிய முன்வேலைகளை நாட்கூலிக்கு, கொந்தராத்துக்காரரின் சொந்த ஆட்களே, அவர் கண்ணெதிரே செய்யவேண்டும். நிறம் பூசுவதைச் சதுர அடிக்குத் தாராளமாகக் கைமாற்றலாம். கதவு நிலைகளுக்கு வார்னிஷ் அடிப்பதும் கிறில்லுக்கு ஸ்பிரே அடிப்பதும் போன்ற விசேஷக் கைவேலைகளையோ அவற்றில் தேர்ந்தவர்களுக்குக் கைமாற்றுவதே உத்தமம். அரசாங்கக் கட்டட வேலைகளில் பெரும்பாலும் 5 சதவீதமளவு பணத்தை நிறுத்திவைத்து, பழுது காட்டும் காலம் கழிந்தபின் கொடுப்பார்கள். நாமும் ஒரு மாரி கழியும்வரை ஒரு சிறு தொகையை நிறுத்திவைக்கலாம். ஆனால், அந்தத் தொகை முப்பதை வைத்துக்கொண்டவரின் பங்கிலிருந்து பிடிக்கப்பட வேண்டுமேயன்றி, ஐம்பதுக்கு வேலை செய்தவனின் கூலியிலிருந்து அல்ல.

நாட்கூலி என்றால் வேலையை இழுப்பார்களே என்ற ஆட்சேபத்தை நான் அறியாதவனல்லன். பத்து மணித் தேநீர் பதினொன்றரை வரை நீண்டதை என் வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அவ்வாறு வீணாகும் இரண்டொரு நாட்கூலி, உரிந்த சுவரை மறுபடி அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம் என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

தங்கையின் மகள் வீட்டுச் சுவரைச் சென்ற ஆவணி மாதத்தில் இம்முறைப்படியே திரும்பச் செய்வித்தோம். அதே இளைஞனைத்தான் அழைத்தேன். இந்தத் தடவை நடுவில் ஒருவரும் இல்லை. சுரண்டிக் கழுவிக் காயவிட ஒன்பது நாட்கள் பிடித்தன. நிறம் பூச இரண்டு நாட்கள். வாடை இன்னும் தொடங்கவில்லை.